ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம்

அஞ்செட்டிப் பக்கத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒன்றின் ஆங்கில நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘மை வில்லேஜ்’ என்று ஒரு கட்டுரை, கரும்பலகையைப் பார்த்து எழுதியது. அடியில் ஆசிரியரின் டிக், கையொப்பம், தேதி. அடுத்த பக்கம் லீவ் லெட்டர், அதற்கடுத்தது நோட்டீஸ் எழுதும் பயிற்சி. எதிலும் குறை சொல்ல முடியாது. அதே பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, “காலையில என்ன சாப்பிட்டே கண்ணு? அதை இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுது” என்று சொல்லுங்கள். பேனா நின்றுவிடும்.

நின்றுபோன அந்தப் பேனாவை நகர்த்துவது எப்படி என்பதே இந்த அத்தியாயம். வகுப்பாசிரியர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், சாயங்காலம் திண்ணையில் டியூஷன் எடுக்கும் அக்கா, தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் பிளஸ் டூ அண்ணன் என்று யார் வேண்டுமானாலும் இதைப் பின்பற்றலாம். 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒரு குறிப்பு. உரக்க வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பிள்ளைகளை எப்போதும் ஆங்கில எழுத்திலேயே எழுத வையுங்கள்.

1. பிள்ளை எந்த மொழியிலிருந்து வருகிறது?

2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கர்நாடகமும் ஆந்திரமும் அண்டை வீடுகள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். உருது பேசும் வீடுகளும் உண்டு. “வீட்டு மொழி ஒண்ணு, பள்ளிக்கூட மொழி ஒண்ணு, இதுல இங்கிலீஷ் வேற எங்கே வரப்போகுது?” என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். கவலை வேண்டாம். இத்தனை மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்தது அந்தப் பிள்ளைக்குப் பெரிய சொத்து. இந்த மூன்று வரியைப் பாருங்கள்:

தமிழ்: நான் பால் குடித்தேன்.
கன்னடம்: நானு ஹாலு குடிதெ.
தெலுங்கு: நேனு பாலு தாகானு.

மூன்றிலும் வரிசை ஒன்றுதான். முதலில் ஆள், நடுவில் பொருள், கடைசியில் வினை. ஆங்கிலத்தில் ‘ஐ டிரேங்க் மில்க்’. வினை நடுவுக்கு வந்துவிட்டது. வகுப்பில் எந்த வீட்டு மொழிக்காரப் பிள்ளை இருந்தாலும், அவர்கள் எல்லோருக்கும் நாம் சொல்லித்தர வேண்டிய முதல் மாற்றம் இது ஒன்றுதான்.

இதைச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது எளிது. மூன்று பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கொரு அட்டை கொடுங்கள். ‘நான்’, ‘பால்’, ‘குடித்தேன்’ என்று தமிழ் வரிசையில் நிற்கட்டும். “இப்போ இங்கிலீஷ்!” என்றதும் பாலும் குடித்தேனும் இடம் மாற வேண்டும். பத்து வாக்கியத்துக்கு இப்படி இடம் மாறி நின்ற பிள்ளை வரிசையை மறக்காது.

எழுத்தொலியிலும் வீட்டு மொழி கைகொடுக்கும். ‘பஸ்’, ‘பேப்பர்’ இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘ப’ போடுகிறோம். ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து. கன்னடத்திலும் தெலுங்கிலும் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. கன்னட வீட்டுப் பிள்ளையிடம், “பூனைக்கு ‘பெக்கு’ன்னு சொல்றியே, அந்தச் சத்தம்தான் பஸ்ஸுக்கு. பெட்டிக்கு ‘பெட்டிகெ’ன்னு சொல்றியே, அந்தச் சத்தம் பேப்பருக்கு” என்று சொன்னால் போதும். பிடித்துக்கொள்ளும். கூட இருக்கும் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அதுவே சொல்லிக்கொடுக்கவும் செய்யும்.

ஆகவே எதை எழுதுவதாக இருந்தாலும் முதலில் வீட்டு மொழியில் பேச விடுங்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூர்ப் பள்ளியிலும் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் படித்தவர். ஆங்கிலத்தில் அவருக்கிருந்த ஆளுமை நாடறிந்தது. அவரே மகாபாரதத்தை முதலில் ‘வியாசர் விருந்து’ என்று தமிழில்தான் எழுதினார். ஆங்கில நூல் அதற்குப் பின்னால், 1951இல் வெளிவந்தது. சொல்ல வேண்டியது முதலில் தன் மொழியில் தெளிவாக வேண்டும். ஆங்கிலம் அதன்மேல் ஏறி வரட்டும்.

2. முதல் நாள்: நிலை அறிதல்

ஒரு தாள், பத்து நிமிடம், மூன்று வேலை. மதிப்பெண் போடாதீர்கள்.

அ) உன் பெயர், ஊர், வகுப்பு, வீட்டில் யார் யார் என்று ஆங்கிலத்தில் எழுது.
ஆ) நான் சொல்லும் ஐந்து சொற்களை எழுது (பஸ், மில்க், மதர், ஸ்கூல், வாட்டர்).
இ) நேற்று பள்ளி விட்ட பிறகு நீ செய்ததை எழுது. எத்தனை வரி வருகிறதோ எழுது.

தாள்கள் மூன்று அடுக்காகப் பிரியும். எழுத்தே தடுமாறுவது முதல் அடுக்கு. சொல் வருகிறது, வாக்கியம் வரவில்லை என்பது இரண்டாவது. வாக்கியம் வருகிறது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது மூன்றாவது. எட்டாம் வகுப்பில் முதல் அடுக்குப் பிள்ளை இருந்தால் அதிர்ச்சி அடையவோ, பிள்ளையின் காதுபட ‘மெல்லக் கற்பவர்’ என்று சொல்லவோ வேண்டாம். நான்கு கோடு நோட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதத்தில் அது இரண்டாம் அடுக்குக்கு வரும்.

தங்கள் ஊர்ப் பெயரைப் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்றும் கவனியுங்கள். ‘அஞ்செட்டி’ என்பதை ஆங்கிலத்தில் ஒய்யில் முடித்தும் எழுதுகிறார்கள், ஐயில் முடித்தும் எழுதுகிறார்கள். பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் உள்ளபடியே எழுதப் பழக்குங்கள். பின்னாளில் சான்றிதழுக்கு அலைவது மிச்சம்.

3. திரும்பத் திரும்ப வரும் ஐந்து பிழைகள்

எல்லா இலக்கணத்தையும் நடத்திவிட்டுத்தான் எழுத வைக்க வேண்டும் என்று காத்திருந்தால் பத்தாம் வகுப்பு முடிந்துவிடும். நம் பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பகுதி ஐந்தே இடங்களில் விழுகிறது. ஐந்துக்கும் காரணம் நம் மொழிகளின் அமைப்பில் இருக்கிறது. காரணம் தெரிந்தால் திருத்துவது சுலபம்.

முதலாவது, விட்டுப்போகும் ‘இஸ்’. ‘அப்பா விவசாயி’ என்பது தமிழில் முழு வாக்கியம். கன்னடத்தில் ‘நம்ம அப்ப ரைத’, தெலுங்கில் ‘மா நான்ன ரைத்து’. எதிலும் வினை இல்லை. அதனால்தான் பிள்ளை ‘மை ஃபாதர் ஃபார்மர்’ என்று எழுதுகிறது. ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்’ என்பதில் இரண்டு சின்னச் சொற்கள் கூடுகின்றன. வினை இல்லாமல் ஆங்கில வாக்கியம் இல்லை என்று ஒரு விதியாகவே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, விட்டுப்போகும் ஆள். ‘நேற்று வந்தேன்’ என்றால் வந்தது நான்தான் என்பது ‘தேன்’ என்ற முடிவிலேயே தெரிகிறது. ஆங்கில வினை அதைச் சொல்லாது. ‘எஸ்டர்டே கேம்’ என்றால் யார் வந்தது? ‘ஐ கேம் எஸ்டர்டே’. மழைக்குக்கூட ஆள் வேண்டும்: ‘இட் இஸ் ரெய்னிங்’.

மூன்றாவது, ‘எஸ்’ என்ற வால். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கொரு முடிவு. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வால் ஒட்டும். அவன், அவள், அது என்று ஒருவரைப் பற்றிப் பேசும்போது: ‘ஐ கோ’, ‘தே கோ’, ஆனால் ‘ஷி கோஸ்’.

நான்காவது, தேவையில்லாத ‘இங்’. ‘போகிறேன்’ என்ற ஒரே சொல், தினமும் போவதையும் குறிக்கும், இப்போது போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும். அதனால் ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று வருகிறது. வழக்கமாக நடப்பது என்றால் ‘ஐ கோ’. நம்மிடம் இருப்பது என்றால் ‘ஐ ஹேவ்’. இந்த நொடியில் நடந்துகொண்டிருந்தால் மட்டும் ‘இங்’.

ஐந்தாவது, பின்னால் போகும் முன்னிடைச்சொல். ‘பள்ளிக்கு’ என்பதில் ‘கு’ கடைசியில் ஒட்டுகிறது. தொடக்கநிலைப் பிள்ளை ‘ஸ்கூல் டு’ என்று எழுதுவது அதனால்தான். ஆங்கிலத்தில் அது முன்னால் வரும்: ‘டு ஸ்கூல்’, ‘இன் தி ஃபீல்ட்’, ‘ஃப்ரம் ஓசூர்’.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியும் இரண்டு பழக்கங்கள்: பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பெரிய எழுத்து என்ற ஒன்றே கிடையாது. ‘நான்’ என்பதற்கான ‘ஐ’யைப் பிள்ளை சிறிய எழுத்தில் போடுவது சோம்பலால் அல்ல. அப்படி ஒன்று இருப்பது அதற்குப் பழக்கமில்லை.

4. தினமும் அரை மணி நேரம்

இதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு 80 பக்க நோட்டு. இதில் பார்த்து எழுதும் வேலை கிடையாது. தினமும் மூன்று வாக்கியம், பிள்ளையின் சொந்த வாழ்க்கையிலிருந்து. நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

5 நிமிடம் பேச்சு. இன்று எதைப் பற்றி எழுதப்போகிறாய்? எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம்.
10 நிமிடம் எழுத்து. தெரியாத சொல்லை வீட்டு மொழியிலேயே எழுதிவிட்டு மேலே போகலாம். நிற்கக் கூடாது.
10 நிமிடம் திருத்தம். பிள்ளை தானே திருத்தி, மூன்று வரியையும் கீழே புதிதாக எழுத வேண்டும்.
5 நிமிடம் வாசிப்பு. திருத்தி எழுதியதை எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

தலைப்பு பெரிதாக இருக்க வேண்டாம். ‘ராகி களி’, ‘பஸ் வரவில்லை’, ‘பாட்டியின் ஆடு’, ‘சந்தையில் தக்காளி விலை’, ‘அண்ணன் பெங்களூருவிலிருந்து வந்தான்’. ‘சயின்ஸ் இன் மாடர்ன் லைஃப்’ என்று கொடுத்தால் பிள்ளை கைடைத் தேடும். பாட்டியின் ஆட்டைப் பற்றி எந்தக் கைடிலும் இருக்காது.

5. ஒரு நோட்டின் ஒரு பக்கம்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வட்டாரத்தில் ராகிக் கதிர் முற்றும்போது காட்டு யானைகள் வயலுக்கு வரும். பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். இரவெல்லாம் அப்பாவோடு விழித்திருந்து மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகளை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். அப்படி ஒரு காலையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதக்கூடிய மூன்று வரியை எடுத்துக்கொள்வோம்:

‘நைட் எலிஃபன்ட் கம். ராகி ஆல் ஈட். ஃபாதர் கிராக்கர் ஃபயர்.’

இதில் சிவப்பு மையால் திருத்தினால் ஏழெட்டு இடத்தில் வட்டம் விழும். பையன் அடுத்த நாள் எழுத மாட்டான். முதலில் கேட்க வேண்டியது வேறு: “எத்தனை யானைடா வந்துச்சு? பயமா இருந்துச்சா?” அவன் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: “இது நேத்து நடந்ததா, தினமும் நடக்குறதா?” நேற்று என்றால் ‘கம்’ என்பது ‘கேம்’ ஆகும், ‘ஈட்’ என்பது ‘ஏட்’ ஆகும். அவன் திருத்தி எழுதுகிறான்:

‘லாஸ்ட் நைட் எலிஃபன்ட் கேம். எலிஃபன்ட் ஏட் ராகி. ஃபாதர் பர்ஸ்ட் கிராக்கர்.’

வரிசையும் காலமும் சரியாகிவிட்டன. இன்றைக்கு இது போதும். மறுநாள் அதே பக்கத்துக்குத் திரும்பி, “எங்கே வந்துச்சு? யார் வயல்? யார் அப்பா?” என்று கேளுங்கள்:

‘லாஸ்ட் நைட் ஆன் எலிஃபன்ட் கேம் டு அவர் ஃபீல்ட். இட் ஏட் தி ராகி. மை ஃபாதர் பர்ஸ்ட் கிராக்கர்ஸ்.’

இரண்டே நாளில், இரண்டே சுற்றுக் கேள்வியில் வந்த ஆங்கிலம் இது. ஒரு வரியும் யாருடைய வரியையும் பார்த்து எழுதியதல்ல. ‘ராகி’ என்பதை அப்படியே எழுதலாமா என்று அவன் கேட்டால், தாராளமாக என்று சொல்லுங்கள். ஆங்கில அகராதிகளில் ராகி என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. தன் வயலின் பயிர் ஆங்கில அகராதியில் இருக்கிறது என்று தெரியும்போது அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

6. திருத்துவது எப்படி?

ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை. காலம் என்றால் காலம் மட்டும். மற்றதைக் கண்டும் காணாமல் விடுங்கள். அவற்றின் முறை வரும்.

விடையை எழுதிக் கொடுக்காதீர்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்த வரியில் எது பிழை என்று பிள்ளை தேடட்டும். தேடிக் கண்டுபிடித்த பிழை அதன் மனதில் தங்கும். நாம் சுழித்துக் காட்டியது அடுத்த பக்கம் புரட்டியதும் மறந்துபோகும்.

திருத்திய வாக்கியத்தை முழுதாக மறுபடி எழுத வைப்பதை ஒருநாளும் விடாதீர்கள். நேரமில்லை என்றால் மூன்று வாக்கியத்தை இரண்டாக்குங்கள். மறுபடி எழுதுவதை மட்டும் குறைக்க வேண்டாம். தப்பான சொல்லை நூறு முறை எழுதச் சொல்லும் தண்டனை அடியோடு வேண்டாம். ஆங்கிலம் என்றாலே கை வலி என்ற நினைப்புதான் அதில் மிஞ்சும்.

எழுத்துக்கூட்டலுக்கு நாளைக்கு ஐந்து சொல் போதும், அதுவும் பிள்ளைக்கு அன்று தேவைப்பட்ட சொற்களாக இருக்கட்டும். பார், சொல், மூடு, எழுது, ஒப்பிடு என்ற ஐந்து படியையும் பிள்ளை தானே செய்யும். சனிக்கிழமை அந்த வாரத்துச் சொற்களுக்கு ஒரு சின்ன டிக்டேஷன்.

7. பெங்களூரு காட்டிய வழி

நமக்கு மிக அருகில் நடந்த ஒரு முயற்சியை ஆங்கில ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1979 முதல் 1984 வரை, பெங்களூருவில் உள்ள தென்னிந்திய வட்டார ஆங்கிலப் பயிற்சி நிறுவனத்தை மையமாக வைத்து என்.எஸ்.பிரபு ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தினார். தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகளில், கடலூர் உட்பட, அது நடந்தது. வகுப்பில் இலக்கணத்தைத் தனியாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காணும் வேலைகளைத் தந்தார்கள். கவனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் கருத்து. 1987இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் பேசப்பட்டது. அந்தச் சோதனைக்கு ‘பெங்களூரு திட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு நடந்த மதிப்பீட்டில் கிடைத்த முடிவும் நமக்குப் பாடம். மொழியைப் புரிந்து பயன்படுத்தும் சோதனைகளில் திட்டத்து வகுப்புகள் மேலாக இருந்தன. இலக்கண அமைப்பை மட்டும் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்புகள் மேலாக இருந்தன. ஆக, இரண்டும் வேண்டும். அதனால்தான் மூன்று வாக்கியமும் ஐந்து பிழையும் இந்த அத்தியாயத்தில் சேர்ந்தே வருகின்றன.

அந்த முறையை இங்கே செய்து பார்க்கப் பெரிய செலவு ஆகாது. அஞ்செட்டி பஸ் நிலையத்தில் பஸ் நேரங்களைப் பிள்ளைகளே குறித்து வரட்டும். பிறகு ஒரு வேலை: பாட்டி காலை 10 மணிக்குத் தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், ஏன்? இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுது. இதுபோல இன்னும் சில:

விதைப் பாக்கெட்டின் பின்புறம் உள்ள ஆங்கிலத்தைப் படித்து, அப்பா செய்ய வேண்டியதை மூன்று வரியில் எழுது.
பூச்சிமருந்து டப்பாவில் உள்ள எச்சரிக்கையை வாசித்து, செய்யக் கூடாததை ‘டு நாட்’ என்று தொடங்கி எழுது.
சந்தையில் இரண்டு வாரத்துத் தக்காளி விலையைக் குறித்து, ஏறியதா இறங்கியதா என்று எழுது.
அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போக ஒரு வெளியூர்க்காரருக்கு வழி எழுதிக் கொடு.

8. வாக்கியத்திலிருந்து பத்திக்கு

இரண்டு மாதம் மூன்று வாக்கியம் எழுதிய பிள்ளை பத்திக்குத் தயார். ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்: யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, பிறகு என்ன? ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதினால் ஐந்து வாக்கியம். அவற்றை ஒட்டவைக்க நான்கு சொல் போதும்: ‘தென்’, ‘பட்’, ‘சோ’, ‘பிகாஸ்’. நீளமான வாக்கியம்தான் நல்ல ஆங்கிலம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அதைப் பிள்ளைகளுக்குக் கடத்த வேண்டாம். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி இருந்தால் போதும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கி எழுதுதல், பிழை திருத்தம் என்று சொந்தமாக எழுதி மதிப்பெண் வாங்கும் கேள்விகள் அதில் வருகின்றன. ஒரு கடிதத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, தலைப்பு மாறினால் தடுமாறும். கடிதத்தின் கூட்டை மட்டும் மனப்பாடம் செய்யட்டும்: அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், விளி, முடிவு. உள்ளே வரும் ஐந்து வரியைத் தானே எழுதட்டும். படத்தைப் பார்த்து எழுதும் கேள்விக்கு, நோட்டில் தினமும் எழுதிய பயிற்சியே போதுமானது.

தேர்வுக்கு அப்பாலும் இதற்குத் தேவை இருக்கிறது. ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் தொடங்கி எத்தனையோ தொழிற்சாலைகள். ஐ.டி.ஐ. முடித்துப் போகும் பிள்ளை, ஷிஃப்ட் முடியும்போது இயந்திரத்தில் என்ன கோளாறு, என்ன செய்யப்பட்டது என்று இரண்டு வரி எழுத வேண்டியிருக்கும். ‘தி மெஷின் ஸ்டாப்டு அட் ஃபோர். ஐ கால்டு தி சூப்பர்வைசர்.’ யானை வந்ததை எழுதிய அதே வாக்கிய அமைப்புதான் இதுவும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரி வாசல் வரை போவதற்கு அது உதவும். உள்ளே போனதும் முதல் பருவத் தேர்வை ஆங்கிலத்தில் எழுத, பள்ளியில் பழகிய கைதான் உதவும்.

9. பன்னிரண்டு வாரத் திட்டம்

1, 2ஆம் வாரம்: அட்டை விளையாட்டு, வாக்கிய வரிசை, பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி.
3, 4ஆம் வாரம்: ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’. வீடு, வீட்டார், ஊர் பற்றிய வாக்கியங்கள்.
5, 6ஆம் வாரம்: நேற்று நடந்தவை. தினமும் நான்கு இறந்தகால வினைகள். ‘டிட் நாட் வென்ட்’ என்று வராமல் ‘டிட் நாட் கோ’ என்று பழக்குதல்.
7, 8ஆம் வாரம்: தினமும் நடப்பவை. ‘எஸ்’ வால். வாரம் ஒரு பஸ் நேரப் பயிற்சி அல்லது விதைப் பாக்கெட் பயிற்சி.
9, 10ஆம் வாரம்: ஐந்து கேள்விப் பத்தி, இணைக்கும் நான்கு சொல்.
11, 12ஆம் வாரம்: கடிதம், விண்ணப்பம், படம் பார்த்து எழுதுதல். முதல் நாள் தாளை எடுத்து, அதே மூன்று வேலையை மறுபடி கொடுத்து ஒப்பிடுதல்.

10. பலரும் கேட்கும் மூன்று கேள்விகள்

*எனக்கே ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?*
மேலே சொன்ன ஐந்து பிழைகளை முதலில் உங்கள் எழுத்தில் திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் தினமும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். சந்தேகத்தை ஒரு தாளில் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள். “எனக்குத் தெரியலை, கேட்டுச் சொல்றேன்” என்று பிள்ளைகளிடம் சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதை அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்பார்கள்.

*போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாமே?*
ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கலாம், எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டும் பார்க்கலாம். முழு வாக்கியத்தையும் போனிடம் வாங்கி எழுதினால், அது கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குச் சமம்.

*பெற்றோருக்குப் படிப்பு இல்லை. அவர்கள் என்ன செய்ய முடியும்?*
நிறையச் செய்ய முடியும். அன்றைய மூன்று வரியைப் பிள்ளை இரவில் அம்மாவிடம் வாசித்து, வீட்டு மொழியில் பொருள் சொல்லட்டும். அம்மா ஒரு கேள்வி கேட்டால் போதும். “ஆடு குட்டி போட்டதை எழுதினியே, எத்தனை குட்டின்னு எழுதலையே?” அந்தக் கேள்வியிலிருந்து மறுநாளைக்கு ஒரு வாக்கியம் பிறக்கும்.

வாரத்துக்கு 6 நாள், நாளைக்கு 3 வாக்கியம் என்றால் 12 வாரத்தில் 216 வாக்கியங்கள். எட்டாம் வகுப்பு வரை ஒரு சொந்த வாக்கியம்கூட எழுதாத பிள்ளையின் கையில், தன் வீட்டையும் வயலையும் காட்டையும் தானே ஆங்கிலத்தில் எழுதிய 216 வாக்கியங்கள் இருக்கும். இதற்குத் தனிக் கட்டடமோ கணினியோ தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், தவறாமல் அரை மணி நேரம் கூட உட்காரும் ஒரு மனிதர் இருந்தால் போதும். அந்த மனிதராக நீங்கள் இருங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாமல், இன்று மாலையே நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு, “இன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு கண்ணு” என்று கேளுங்கள்.